தராசுக்கு ஒரு முத்திரை, வண்டிக்கும் ஒரு முத்திரை

நம் கடைத் தராசு முத்திரை இல்லாமல் இருந்தால், வாடிக்கையாளர் கேட்கும் முன்பே நம் மனம் உறுத்தும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் சோதித்து முத்திரையிட்ட பிறகுதான் அது ஊர் நம்பும் தராசு. இதை நாம் தொல்லையாக எண்ணுவதில்லை. ஆனால் அந்தத் தராசில் ஏறும் சரக்கைச் சுமந்து வரும் வண்டிக்கு முத்திரையிடும் துறையைப் பற்றி மட்டும் நம்மிடையே வேறு பேச்சு. ‘ஆர்.டி.ஓ. ஆபீஸ்’ என்றாலே அலைச்சல், புரோக்கர், அபராதம் என்றுதான் நினைக்கிறோம். இந்த எண்ணத்தால் நட்டப்படுவது நாம்தான்.

எது போக்குவரத்துத் துறை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரசுப் பேருந்தை ஓட்டுவது போக்குவரத்துக் கழகம். சேலத்தில் 1973-ல் அண்ணா பெயரில் தொடங்கி, 1997-ல் பெயர் மாறி இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமாக இருப்பது அதுதான். சாலை முனையில் கைகாட்டி நிறுத்துவது போக்குவரத்துக் காவல். சரக்குக்கு இ-வே பில் கேட்பது வணிகவரித் துறை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுக்கப்பட்ட சோதனைச் சாவடிகளும் வணிகவரித் துறையினுடையவையே.

இவை மூன்றும் அல்லாதது போக்குவரத்து ஆணையரின் கீழ் இயங்கும் போக்குவரத்துத் துறை. அதன் கிளைதான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். டி.என். 93 என்றால் மேட்டூர், டி.என். 52 என்றால் சங்ககிரி, டி.என். 28 என்றால் நாமக்கல் வடக்கு என்று எண்பலகையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுகிறோமே, அந்த எண்ணைத் தருவது இந்த அலுவலகம். வண்டி யாருடையது, ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியுமா, பிரேக் பிடிக்குமா, எவ்வளவு சுமை தாங்கும் என்ற நான்கு கேள்விகளுக்கு அரசின் சார்பில் பதில் சொல்வதே அதன் தலையாய வேலை. வரி வசூலும் அபராதமும் அதன் பிறகு வருபவை.

இத்துறையால் நமக்கு என்ன லாபம் என்றும் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 1914-லும், பிறகு 1939-லும், இப்போதுள்ள வடிவில் 1988-லும் இயற்றப்பட்டது. 1989 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், பெர்மிட் கேட்டால் பொதுவாக மறுக்கக் கூடாது என்று சொன்னது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை என்றது. இன்று ‘குட்டி யானை’ ஒன்றை வாங்கிச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நாமே சரக்கு ஏற்றி வர முடிகிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். 2010-ல் தேசியப் பெர்மிட் கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்ட பிறகு, குண்டூர் மிளகாயும் நாசிக் வெங்காயமும் ஏற்றிவரும் லாரி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே பெர்மிட் கட்டணம் கட்டும் தொல்லை நீங்கியது.

நாம் இடறும் இடங்கள்

சிறு வணிகர்களாகிய நாம் கவனக்குறைவால் பெருநட்டத்துக்கு ஆளாகும் இடங்கள் நான்கு.

முதலாவது, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் இதைப் புதுப்பிக்க வேண்டும். தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி, செல்லத்தக்க பதிவே இல்லாத வண்டியாகக் கருதப்படும் என்கிறது சட்டம். அந்த நிலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் சும்மா இருக்குமா? நிபந்தனை மீறல் என்று வழக்காடும். இழப்பீட்டுச் சுமை கடைசியில் நம் கடையின் மேல் விழக்கூடும்.

இரண்டாவது, பெயர் மாற்றம். பழைய வண்டியை விற்கும்போது 29, 30-ஆம் எண் படிவங்களில் வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறோம். வாங்கியவர் பெயர் மாற்றாமலே இன்னொருவருக்கு விற்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கடன் பாக்கியைப் பேரேட்டில் வரவு வைக்காமல் விடுவோமா? இதுவும் அது போலத்தான்.

மூன்றாவது, ஓட்டுநர் உரிமம். கார் ஓட்டும் உரிமத்தை வைத்துக்கொண்டு மஞ்சள் எண்பலகை கொண்ட சிறு சரக்கு வண்டியை ஓட்டலாமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியானால் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்துவிட்டது. இது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்து அனுப்பும் பழக்கத்துக்கு எந்தத் தீர்ப்பும் துணை வராது.

நான்காவது, சரக்கின் மேல் ஆள் ஏற்றுவது. சரக்கோடு செல்லும் சரக்கின் சொந்தக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. ‘நானும் அப்படியே வருகிறேன்’ என்று ஏறும் உறவினருக்கோ, திருவிழாவுக்குக் கூட்டமாகப் போகும் ஊர்க்காரருக்கோ அது கிடையாது. முகதாட்சண்யத்துக்காக ஏற்றிக்கொண்டால், ஏதேனும் நேர்ந்த அன்று அவர் குடும்பத்துக்கும் பதில் சொல்ல முடியாது, நம் குடும்பத்துக்கும் சொல்ல முடியாது.

மிகைச் சுமை யார் குற்றம்?

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருவோம். லாரியில் அளவுக்கு மேல் ஏற்றுவது லாரிக்காரர் குற்றம் என்றே நாம் பேசிவருகிறோம். ‘இன்னும் நாற்பது மூட்டை போடுப்பா, அதே வாடகைதான்’ என்று சொல்வது யார்? ஓட்டுபவரை மட்டுமின்றி, அப்படி ஓட்டக் காரணமாக இருப்பவரையும் சட்டம் சேர்த்தே குறிப்பிடுகிறது.

இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னாக இருந்ததை 2018-ல் மத்திய அரசு 18.5 டன்னாக உயர்த்தியது. வண்டி எடையும் சேர்ந்த கணக்கு இது. இதற்கும் மேல் ஏற்றினால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மூன்று டன் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ மூட்டையில் அது 60 மூட்டை. அபராதம் 26,000 ரூபாய், அதாவது மூட்டைக்கு 433 ரூபாய். மிகுதியை இறக்கும் வரை வண்டி நகராது, இறக்குகூலியும் நம் தலையில். இந்த நட்டத்தை ஈடுகட்டும் லாபம் எந்தச் சர்க்கரை மூட்டையில் இருக்கிறது?

மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் வண்டி தாங்காது என்று வள்ளுவர் அன்றே எச்சரித்தார். இன்றைய பொறியாளர்கள் கணக்குப்படி அச்சுச் சுமை 20 சதவீதம் கூடினால் சாலையின் தேய்மானம் ஏறக்குறைய இரு மடங்காகும். தாரமங்கலம் சாலையும் எடப்பாடி சாலையும் நங்கவள்ளி சாலையும் குண்டும் குழியுமானால் ஜலகண்டாபுரம் கடைவீதிக்கு வர வேண்டிய வாடிக்கையாளர் வேறு ஊர்க் கடைக்குத் திரும்பிவிடுவார்.

துறையிடம் நாம் கேட்பது

கடமையைச் சொன்ன நாம் உரிமையையும் சொல்லியாக வேண்டும். மிகைச் சுமை என்று கண்மதிப்பில் சொன்னால் போதாது. முன்செல்லும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் உள்ள எடைமேடைக்கு வண்டியைக் கொண்டு சென்று எடைபோடச் செய்ய சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த எடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி., உரிமம், காப்பீடு முதலியவற்றை டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ காட்டினாலும் செல்லும். அசல் இல்லை என்று அலைக்கழிக்கக் கூடாது.

விண்ணப்பங்கள் பலவற்றை இன்று பரிவாஹன் இணையதளத்திலேயே அனுப்பலாம். ஆயினும் கடையை விட்டு நகர முடியாத சிறு வணிகருக்கும், கணினி பழக்கமில்லாத முதியவருக்கும் அது எட்டாக்கனியாகவே இருக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை நம் பேரூராட்சியில் ஒரு சேவை முகாம் நடத்த வேண்டும். எந்த வேலைக்கு என்ன கட்டணம், எத்தனை நாள் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அலுவலக வாயிலில் எழுதி வைக்க வேண்டும். கட்டணம் தெரிந்த இடத்தில் புரோக்கருக்கு வேலை இல்லை. விலைப் பலகை வைத்து வியாபாரம் செய்யும் நாம் இதைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

வணிகப் பெருமக்களே, இன்று கடை அடைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வண்டிக் காகிதங்களை எடுத்து எஃப்.சி., காப்பீடு, வரி, உரிமம் நான்கும் எந்தத் தேதியில் முடிகின்றன என்று கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விற்ற வண்டி ஏதேனும் இன்னும் உங்கள் பெயரிலேயே ஓடுகிறதா என்றும் பாருங்கள். நம் பக்கம் ஒழுங்காக இருந்தால்தான் துறையிடம் நாம் கேட்பதற்கும் மதிப்பு இருக்கும்.