தாயுள்ளம் மட்டும் போதாது

"சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்ன பெரிய படிப்பு வேண்டும்? பிள்ளை பெற்று வளர்த்த எந்தப் பெண்ணும் செய்துவிடுவாளே!" அங்கன்வாடி உதவியாளர், மழலையர் பள்ளி ஆயா, வகுப்பு உதவியாசிரியை என்று யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நம் ஊரில் எழும் முதல் கேள்வி இதுதான். பெற்றோரும் கேட்கிறார்கள், தாளாளர்களும் கேட்கிறார்கள். அரசும் தன் பயிற்சித் திட்டங்களில் இதையே நம்புகிறது. இந்த நம்பிக்கை அப்பட்டமான தவறு. மூன்று வயதுக் குழந்தைக்கும், அதைக் கவனிக்கும் பெண்ணுக்கும் ஒருசேர அநீதி செய்யும் தவறு.

வீட்டில் ஒரு தாய் பார்ப்பது தன் பிள்ளைகள் இருவரை. அவர்கள் பிறந்த நாளிலிருந்து அவர்களை அறிந்தவள் அவள். பால்வாடி உதவியாளர் பார்ப்பது இருபது வீட்டுப் பிள்ளைகளை. காலையில் அம்மாவின் முந்தானையை விடாமல் கதறும் பிள்ளையிடம், "அழுதால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்று சொல்வது நம் வீடுகளில் தலைமுறையாக வரும் பழக்கம். அழுகை நிற்கும், பயம் தங்கிவிடும். பயிற்சி பெற்றவர் குனிந்து பிள்ளையின் கண்மட்டத்துக்கு வருவார். "அம்மா மதியம் சாப்பிட்டதும் வருவாங்க" என்று அதற்குப் புரியும் அளவில் நேரத்தைச் சொல்வார். கையில் ஒரு வேலையைக் கொடுப்பார். இது பாசத்தால் மட்டும் வருவதல்ல, கற்றுக்கொண்டு வருவது.

எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதில் விரல் தசைகள் பென்சிலுக்குத் தயாராக இல்லை. களிமண் பிசைவது, மணி கோப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது ஆகியவைதான் அந்த விரல்களுக்கான பாடம். இது தெரியாதவர், பிள்ளையின் கையைப் பிடித்து இரட்டைக் கோடு நோட்டில் 'அ' போட வைக்கிறார். இடது கையால் எழுதும் பிள்ளையின் கையில் அடி விழுகிறது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குத் 'திமிர்' என்று பெயர் விழுகிறது. அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், பேசுபவரின் வாயையே பிள்ளை பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தால், இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அது மருத்துவரிடம் போயிருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலும் இதே கதைதான். வலிப்பு வந்தால் கையில் சாவிக் கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது. தொண்டையில் வேர்க்கடலை அடைத்து மூச்சு விடத் திணறினால் முன்பக்கம் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவக் கூடாது. கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது பிள்ளையின் உடலில் காயத்தை முதலில் பார்ப்பவரும் இந்த உதவியாளரே. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறுவதே தண்டனைக்குரிய குற்றம். இந்தக் கடமையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. அதன் பயிற்சித் திட்டம் உதவியாளருக்கு ஒதுக்கிய அறிமுகப் பயிற்சி 8 நாள். அங்கன்வாடி ஊழியருக்குப் பணிப் பயிற்சி 26 நாள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஊழியருக்கு 6 மாதச் சான்றிதழும், அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டு டிப்ளமோவும் வேண்டும் என்கிறது. ஆனால் அதை டிவி, ஸ்மார்ட்போன் வழியாக நடத்தலாம் என்கிறது. அழும் பிள்ளையைத் தேற்றுவதைத் திரையில் பார்த்துப் பழக முடியாது.

பயிற்சி தேவையில்லை என்று சொல்வதால் யாருக்கு லாபம்? 'தாயுள்ளம்' என்று புகழ்ந்துவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. 2018 அக்டோபர் முதல் மத்திய அரசு உதவியாளருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 2,250 ரூபாய். மாநிலம் சேர்த்துத் தருவது தனி. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று நிலைநாட்ட உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 2022 ஏப்ரலில். திறமையை ஒப்புக்கொண்டால் கூலியையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதனால்தான் திறமையே இல்லாத வேலை என்று சாதிக்கிறார்கள்.

இந்த மண்ணின் முன்னோடிகள் அப்படி நினைக்கவில்லை. பாவ்நகரில் 1920இல் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்கும் பின்னர் கோஸ்பாட் மலைக்கும் போய், அனுதாய் வாக்குடன் சேர்ந்து ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக உழைத்தார். வீட்டு முற்றத்திலேயே பள்ளி நடத்தும் அங்கன்வாடி முறை தாராபாய் கண்டது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வரவில்லை. பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். சுமார் 300 பேர் சேர்ந்தார்கள்.

"சான்றிதழ் கேட்டால் ஏழைப் பெண்கள் வேலை இழப்பார்கள்" என்பார்கள். நியாயமான கவலை. அதற்கு விடை பயிற்சியை மறுப்பது அல்ல. வேலையில் இருப்பவரை வேலையில் வைத்துக்கொண்டே, சம்பளத்தோடு, பயிற்சிச் செலவு முழுவதையும் அரசே ஏற்றுப் பயிற்றுவிப்பதுதான். "சான்றிதழால் பாசம் வருமா?" என்றும் கேட்பார்கள். வராது. ஆனால் பாசத்தால் வலிப்புக்கு முதலுதவி தெரிந்துவிடாது. காசு வாங்கிக்கொண்டு காகிதம் கொடுக்கும் பயிற்சி மையங்களும் வேண்டாம். தேர்ந்த ஆசிரியரின் அருகே, உண்மையான வகுப்பில், உண்மையான பிள்ளைகளோடு பழகும் மாதங்கள் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது தெளிவு. உதவியாளர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஆறு மாத நேரடிப் பயிற்சி, அது முடிந்ததும் ஊதிய உயர்வு, தனியார் மழலையர் பள்ளிகளுக்கும் இதே விதி. பெற்றோரே, அடுத்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போகும்போது ஏசி வகுப்பறையையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் அந்த அம்மாவுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள், மாதம் என்ன சம்பளம் தருகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.