சீனி வியாதிக்கு ஒரு பாம்பும் ஏணியும்



காலையில் குளிசையை விழுங்கிவிட்டு, வெறும் சாயத்தண்ணியோடு மலைக்கு ஏறுகிறோம். பத்து மணிக்குக் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டதென்று பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் தெரிவதில்லை. நினைவு இருக்கும்போதே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதை விளக்கிச் சொல்ல நெரிசலான கிளினிக்கில் யாருக்கு நேரம்? விளையாட்டு அதைச் செய்யும். அமெரிக்காவில் 1990களில் நீரிழிவுள்ள பிள்ளைகளுக்காக ‘பேக்கி அன்ட் மார்லன்’ என்ற வீடியோ விளையாட்டு வந்தது. நீரிழிவுள்ள இரண்டு யானைக்குட்டிகளுக்குச் சரியான சாப்பாடும் இன்சுலினும் கொடுப்பதுதான் விளையாட்டு. 6 மாதம் விளையாடிய பிள்ளைகள் நீரிழிவுக்காக அவசரமாக வைத்தியரிடம் ஓடுவது 77 வீதம் குறைந்ததாக ஆய்வு காட்டியது.

நமக்குக் கணினி வேண்டாம். ஒரு காட்போட் அட்டையும் தாயக்கட்டையும் போதும். சாப்பிடாமல் குளிசை போட்டால் பாம்பு. இரவில் பாதத்தைக் கழுவி, அட்டைக்கடி, காயம் பார்த்தால் ஏணி. பிள்ளைகள் படம் வரையட்டும். தாத்தா பாட்டியோடு லயத்து வாசலில் விளையாடட்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஓர் அட்டை செய்யட்டும்.

விளையாட்டு மருந்துக்குப் பதிலாகாது. கிளினிக் போன நாளுக்கு அரைப் பேர் போடும் நிர்வாகத்தின் பாம்பை இறக்க, நாம் சங்கமாகத்தான் நிற்க வேண்டும்.