தண்ணீருக்காக எல்லாப் பீடங்களும் எழுக!

தோழர்களே! விரிவுரையாளர்களே, ஆய்வுகூட ஊழியர்களே, மாணவ மாணவியரே!

மாரி தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மழைகாலத்தில் மட்டுமே ஓடும். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கினால்தான் குடிக்கவும் தோட்டம் இறைக்கவும் நமக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீர் கெட்டுக்கொண்டு வருகிறது. அதைக் காப்பதற்கான அறிவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது; பீடம் பீடமாகப் பிரிந்து இருக்கிறது. அதை ஒன்றுசேர்க்கும் வேலையை இந்த மாரியோடு தொடங்குவோம்.

வலிகாமத்துச் செம்மண் வளவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிணறு. ஒரு பக்கம் வெங்காயப் பாத்தி, யூரியா போட்டு நீர்ப்பம்பியால் இறைக்கிறார்கள். மறுபக்கம் குழி மலசலகூடம். மண் ஆழமில்லை, அதன் கீழே வெடிப்பும் குகையுமான கல். பாத்தியில் மிஞ்சிய பசளையும் குழியில் ஊறியதும் அந்த வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்கே வந்து சேருகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். கொதிக்கவைத்தால் அது போகாது. நீர் ஆவியாக ஆக இன்னும் செறிவாகும். குழந்தைக்குப் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கும் தாய்க்கு இதை நம்மில் யார் சொன்னோம்?

இந்த ஒரு வளவைப் புரிந்துகொள்ள எத்தனை துறை வேண்டும் என்று பாருங்கள். நைத்திரேற்றை அளக்க இரசாயனவியல். நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லப் புவியியல். எவ்வளவு பசளை போதும் என்று சொல்ல விவசாயபீடம். குழியை எப்படிக் கட்டுவது என்று சொல்லப் பொறியியல்பீடம். குழந்தையின் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்ல மருத்துவபீடம். வெங்காய விலை விழுந்தால் கடன்படும் கமக்காரர் பசளையை ஏன் குறைக்கமாட்டார் என்று விளக்கப் பொருளியல். வளவின் உறுதியைப் பிரித்தால் கிணற்றில் இன்னாருக்கு இத்தனை பங்கு, வாய்க்கால் வழி இது என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கச் சட்டத்துறையும் வரலாற்றுத்துறையும் வேண்டும். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்த சமூகம் இது. பம்பி வந்தபின் அந்த முறைக்கு என்ன ஆயிற்று என்பதைச் சமூகவியலாளர்தான் கேட்க வேண்டும். இதில் ஒரு துறை வராவிட்டாலும் பதில் அரைகுறைதான்.

அரைகுறைப் பதிலுக்கு நாம் கொடுத்த விலையை மறந்துவிட்டோமா? சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்ததாக 2014, 2015இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பவுசரில் வந்த தண்ணீருக்கு வாளிகளோடு காத்து நின்றார்கள். ஒரு தரப்பு நிபுணர்கள் ஆபத்தில்லை என்றார்கள், மறுதரப்பு ஒயில் இருக்கிறது என்றது. எந்த அறிக்கையை நம்புவது என்று தெரியாமல் ஊர் திண்டாடியது. சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 ஏப்ரலில்தான். பல ஆண்டு கிணற்றுத் தரவும், அதை மக்களுக்கு விளங்கவைக்கும் பல்துறைக் குழுவும் அன்று நம் கையில் இருந்திருந்தால் அந்தக் குழப்பம் அவ்வளவு காலம் நீடித்திருக்குமா?

இனிக் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, நிலத்தடி நீரைப் பற்றி ஏன் கவலை என்று கேட்பவர்கள் உண்டு. தாளையடி நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் அளவில் கட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தத் தண்ணீரில் வெங்காயம் விளையாது. தோட்டத்துக்குக் கிணற்று நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே: நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது, கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் 1 அடி இறங்கினால் கீழேயுள்ள உவர் எல்லை கணக்குப்படி ஏறத்தாழ 40 அடி மேலேறும். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணம் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்ததையும் நினைத்துப் பாருங்கள். குழாய் போடுவது பொறியியல். யாருடைய தண்ணீர் என்பது அரசியல். இரண்டையும் ஒரே வகுப்பில் பேசாத பல்கலைக்கழகம் அந்தச் சண்டையில் வேடிக்கைதான் பார்க்கும்.

கூட்டு ஆய்வுகள் நடக்காமல் இல்லை. ஆனால் திட்ட நிதியோடு தொடங்கும் ஆய்வு நிதியோடு முடிந்துவிடக்கூடாது. ஆகவே நான்கு வேலைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, எல்லாப் பீடத்து முதலாம் வருட மாணவருக்கும் ஒரு பொதுப்பாடம்: நம் நீர், நம் மண், நம் கடல். ஒவ்வொரு வாரமும் இரு துறை விரிவுரையாளர்கள் சேர்ந்து நின்று நடத்த வேண்டும்.

இரண்டாவது, கிணற்றுப் பதிவேடு. ஒவ்வொரு மாணவரும் மாரிக்கு முன்னும் பின்னும் தன் வீட்டு அல்லது அயல்வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரட்டும். தெற்கிலிருந்து வந்து படிப்பவர்கள் தங்கியிருக்கும் வீட்டுக் கிணற்றிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது, இறுதியாண்டு ஆய்வுக்கு இரு பீட மேற்பார்வை. பிரதான வளாகம் இருக்கும் திருநெல்வேலிக்கும் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகருக்கும் இடையில் 60 கிலோமீற்றருக்கு மேல். தூரத்தைச் சாட்டாகச் சொல்லாதீர்கள். பஸ் ஓடுகிறது, இணையமும் இருக்கிறது.

நான்காவது, எந்த ஆய்வு முடிந்தாலும் அதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வர வேண்டும். ஆங்கிலச் சஞ்சிகையில் வந்த கட்டுரை இணுவில் தோட்டக்காரரின் கைக்கு எட்டாது.

நேரமில்லை, பதவியுயர்வுக்குப் புள்ளி கிடைக்காது என்று முணுமுணுப்பு எழும். புள்ளிக்காகப் போராட வேண்டுமானால் சங்கம் இருக்கிறது, போராடுவோம். அதுவரை கிணறு காத்திராது.

தோழர்களே, இந்த வாரமே உங்கள் துறையைவிட்டு வெளியே வாருங்கள். இன்னொரு பீடத்துக் கதவைத் தட்டி, ஒருவரையாவது கூட்டாளியாகச் சேருங்கள். முதல் மழைக்கு முன் முதல் நூறு கிணறுகளை அளந்து முடிப்போம். மக்களின் வரிப்பணத்தில் படித்தவர்கள், படிப்பிப்பவர்கள் நாம். அந்த மக்களின் தண்ணீரைக் காப்பது நம் கடமை.