வார்டில் நின்றதற்கு மார்க் உண்டா?



மூவார் சுல்தானா பாத்திமா நிபுணத்துவ மருத்துவமனையில் படுத்திருந்த உறவினரைப் பார்க்கப் போன இடத்தில், நம் வாசகி ஒருவரின் மகளைக் கண்டேன். ஆன்கால் முடித்து வந்த டாக்டர் பிள்ளை. கோப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, மடியில் புத்தகம். "மெடெக்ஸ் படிக்கிறேன் அங்கிள். மாஸ்டர்ஸ் கிடைக்கணுமே" என்றாள்.

நிபுணராக இங்கே மலேசியாவில் மாஸ்டர்ஸ் ஒரு வாசல். மெடெக்ஸ் நுழைவுத் தேர்வு, நேர்காணல், கிடைத்தால் நான்காண்டுப் படிப்பு. இன்னொன்று மாஸ்டர்ஸ் படிக்காமலே நிபுணராகும் இணைவழிப் பயிற்சி; அதற்குச் சட்டத்தில் தெளிவான இடம் தரவே 2024 ஜூலையில் மக்களவை மருத்துவச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2021 ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்புச் செய்தபோது கேட்டதும் நிரந்தர வேலையை மட்டுமல்ல, நிபுணத்துவப் படிப்புக்கான வழியையும்தான்.

மெடெக்ஸ் போல மதிப்பெண்ணை வைத்து ஆட்களைச் சலித்தெடுப்பதில் எனக்குக் கோபமில்லை. 'கேபிள்' என்கிற சிபாரிசைப் பிடித்து உள்ளே போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்கு இது எவ்வளவோ மேல். தேர்ந்தெடுக்கும் வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் தேர்வு எதற்காக வைக்கப்பட்டதோ அதை விட்டுவிட்டுச் சல்லடையாகவே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் உரிமத் தேர்வின் முதல் படிக்கு அப்படித்தான் ஆனது. 2022 ஜனவரியில் மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார்கள். நிபுணர் பயிற்சிக்கு ஆளெடுக்கும் குழுக்கள் என்ன செய்தன தெரியுமா? இரண்டாம் படியின் மதிப்பெண்ணைப் பார்க்கத் தொடங்கின!

தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் வேறு வழியில் போனார்கள். கிராமத்திலும் மலையிலும் வேலை பார்த்தவர்களுக்கு மேற்படிப்பில் தனி இடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார்கள். அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அங்கேயும் நுழைவுத் தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும். ஆனாலும் சேவைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு பங்கு என்பதும் முன்கூட்டியே தெரியும். எனக்குப் பிடித்தது அந்த வெளிப்படைதான்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ ராத்திரியெல்லாம் வார்டுல நின்னதுக்கு இங்க மார்க் உண்டா அங்கிள்?"

நான் வாய் திறப்பதற்குள் கைப்பேசி அடித்தது. கோப்பியை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தின் முனையை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

அன்புடன்,
ஆசிரியர்