எந்தக் கத்தி மரபு?
பெங்களூருவில் நடக்கும் குடகர் திருமணங்களில் மணமகனின் இடையில் செருகிய பீச்சேகத்தி மரபின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. சீக்கியரின் கிர்பானுக்கு அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு காப்பளிக்கிறது. இரண்டும் நியாயமே. ஆனால், ராம்பூர்க் கைவினைஞர் செய்த சிறு மடக்குக்கத்தியைச் சேகரிப்பவர் மட்டும் ரவுடியாகப் பார்க்கப்படுவது ஏன்?

ஆயுத விதிகள் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்தை மீறும் அலகுகளையே குறிப்பிடுகின்றன. வீட்டு, வேளாண் பயன்பாட்டுக்கானவற்றுக்கு விலக்கும் அளிக்கின்றன. பொதுப்புத்தியோ அளவையும் பயனையும் பார்ப்பதில்லை; இந்தித் திரைப்பட வில்லனின் கையையே பார்க்கிறது. 2023இல் ராம்பூரில் ஏறத்தாழ 20 அடி உயரக் கத்திச் சின்னம் நிறுவப்பட்டது. அக்கத்தியைச் செய்யும் தொழிலோ நலிந்து கிடக்கிறது.

சமூகமோ சமயமோ உரிமை கோராத கைத்தொழிலுக்கு மரபு என்னும் தகுதி மறுக்கப்படுகிறது. இறகுப்பேனா சீவிய கருவியே பேனாக்கத்தி என்பதை அறிந்த கல்வியுலகமேனும் இப்பாகுபாட்டைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.