சினைப்பைக்கு ஒரு தனி வரி

மும்பையின் கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில், தேவ்னார் பக்கம் இருக்கிறது சர்வதேச மக்கள்தொகை அறிவியல் கழகம். தேசியக் குடும்ப நல ஆய்வு என்று நாம் எடுத்ததற்கெல்லாம் மேற்கோள் காட்டும் கணக்கெடுப்பை நடத்துவது இவர்கள்தான். 2015-16இல் நடந்த நான்காவது சுற்றில் கருப்பை நீக்கம் பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். எடுத்தாயிற்றா, எத்தனை வருடம் ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரியில், என்ன காரணத்துக்காக? 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் எடுத்திருந்தார்கள். ஆந்திரத்தில் 9 சதவீதத்தை ஒட்டி. அறுவையின்போது இருந்த வயதின் இடைநிலை 34. (49 வயதைத் தாண்டியவர்களிடம் கேட்காததால் அந்த எண் கொஞ்சம் கீழே இழுபட்டிருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் இளவயதுதான்.) மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கும் வலியும்.

கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: சினைப்பைகள் இருக்கின்றனவா, அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டார்களா? 34 வயதில் கருப்பை மட்டும் போன பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கும். இரண்டு சினைப்பைகளும் போன பெண்ணுக்கு அந்த வாரமே மெனோபாஸ் தொடங்கிவிடும். எலும்பு, இதயம், தூக்கம், தாம்பத்தியம் எல்லாமே வேறு கணக்கில் ஓடும். இவ்விருவரையும் ஆய்வு ஒரே கட்டத்தில் டிக் செய்கிறது.

கேட்டிருந்தாலும் சரியான பதில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சிவாஜி நகர், பைங்கன்வாடி, சீத்தா கேம்ப் பக்கம் ஓ.பி. பார்க்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. நாற்பதைத் தொடாத பெண் உடம்பு கொதிக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, முழங்கால் குடைகிறது என்று வந்து உட்காருவார். "பச்சேதானி (கருப்பை) எடுத்தாச்சு டாக்டர், ஊர்ல வெச்சு." ஓவரியையும் எடுத்தார்களா என்றால் பக்கத்தில் நிற்கும் மாமியாரைப் பார்ப்பார். பிளாஸ்டிக் கவரிலிருந்து வரும் டிஸ்சார்ஜ் சீட்டில் 'டி.ஏ.எச்.' என்ற மூன்று எழுத்தோடு விவரம் முடிந்திருக்கும். திசு ஆய்வு அறிக்கையை யாரும் போய் வாங்கியிருக்க மாட்டார்கள். கடைசியில் சோனோகிராபியில் தேடிப் பார்த்துத்தான், தன் உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை அந்தப் பெண்ணுக்கு நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நமக்குள் பேச வேண்டிய விஷயம். தீங்கற்ற காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போது சினைப்பையின் கதியைப் பல தியேட்டர்களில் பழக்கம்தான் முடிவு செய்கிறது. 40 தாண்டிவிட்டதா, குழந்தைகள் போதுமா, வயிற்றைத் திறந்தாயிற்றா, அப்படியானால் அதையும் எடுத்துவிடலாம். பிறப்புறுப்பு வழியாகச் செய்தால் எட்டுவது சிரமம், விட்டுவிடலாம். அறுவைப் பாதையையொட்டி அந்தப் பெண்ணின் ஹார்மோன் வாழ்க்கை தீர்மானமாகிறது. கிளாம்ப் இன்ஃபண்டிபுலோ-பெல்விக் லிகமென்டில் விழுந்தால் சினைப்பை வெளியே வரும். சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, கருப்பையையும் சினைப்பையையும் இணைக்கும் லிகமென்டில் விழுந்தால் உள்ளே தங்கும். முன்னதை ஒட்டியே யூரிட்டர் போகிறது என்பதைப் பயிற்சி மருத்துவர்களுக்கு நூறு தடவை சொல்கிறோம். அந்தக் கிளாம்ப் அங்கே ஏன் விழ வேண்டும் என்பதை அதே அளவுக்குச் சொல்கிறோமா?

எடுப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம் புற்றுநோய். நம் நாட்டில் ஒரு பெண்ணுக்கு 75 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அமெரிக்க செவிலியர் ஆய்விலிருந்து பார்க்கரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரை, கருப்பை நீக்கம் செய்துகொண்ட 29,380 பேரை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சினைப்பைகளை எடுத்தவர்களில் அந்தப் புற்றுநோய் ஏறக்குறைய இல்லாமலே போனது, மார்பகப் புற்றுநோயும் குறைந்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடின, மொத்த இறப்பு 12 சதவீதம் அதிகம். எந்த வயதுப் பிரிவிலும் எடுத்தவர்கள் கூடுதலாக வாழவில்லை. வைத்துக்கொண்டவர்களில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்றளவில்தான். மயோ கிளினிக்கில் ரோக்கா குழு 2006இல் சொன்னது, 45க்குள் எடுத்து, ஈஸ்ட்ரோஜனும் கொடுக்காமல் விட்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்று. ஒன்டாரியோவில் இரண்டு லட்சம் பெண்களின் பதிவேடுகளைப் பார்த்து 2021இல் வந்த ஆய்விலும் கோடு 50 வயதில்தான் விழுகிறது: அதற்குக் கீழே எடுத்தவர்களிடம் இறப்பு கூடுகிறது, மேலே கூடவில்லை.

இவை எல்லாமே கவனிப்பு ஆய்வுகள். எடுக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே நோய் கூடியவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. மகளிர் நல முன்முயற்சி ஆய்வின் 2011ஆம் ஆண்டு அலசல் இரு பிரிவினருக்கும் இடையே வித்தியாசம் காணவில்லை. ஆனால் இளவயதைப் பொறுத்தவரை பெரிய ஆய்வுகள் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. குடும்பத்தில் புற்றுநோய் வரலாறு இல்லாத, 50க்குக் கீழ்ப்பட்ட பெண்ணிடமிருந்து நோயற்ற சினைப்பைகளை எடுக்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும், விடுகிறவர் அல்ல. நம் பெண்களுக்கு இயற்கையான மெனோபாஸ் 46, 47இலேயே வந்துவிடுகிறது, ஆகவே 45 போதும் என்று சிலர் வாதிடுவார்கள். நாற்பத்தாறு வயதில் மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சராசரியைப் பார்த்து முடிவெடுப்பது சரியில்லை.

'விட்டால் பின்னால் கட்டி வரும், மறுபடி வயிற்றைத் திறக்கணும்' என்பது இன்னொரு பயம். மின்னசோட்டாவின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் 30 ஆண்டுகள் பார்த்ததில், கருப்பை நீக்கத்துக்குப் பின் சினைப்பையை எடுக்க நேர்ந்தவர்கள் 9.2 சதவீதம், கருப்பையோடு இருந்த பெண்களில் 7.3. இந்த இரண்டு சதவீத இடைவெளிக்காக எல்லோரிடமிருந்தும் எடுக்க முடியாது. அதோடு, கொடிய வகைப் புற்றுநோயில் பெரும்பகுதி கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது தெரிகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா 2010இலிருந்து குழாய்களை மட்டும் எடுத்து சினைப்பையை விடச் சொல்லிவருகிறது. குழாயை ஒட்டி வெட்டினால் சினைப்பையின் இரத்த ஓட்டம் தப்பும்.

வைத்துக்கொள்வதையும் வரமாக விற்கக் கூடாது. கருப்பைத் தமனியைக் கட்டும்போது சினைப்பைக்குப் போகும் கிளையும் போய்விடுகிறது. நியூசிலாந்தில் ஃபார்கர் குழு 2005இல் காட்டியபடி, சினைப்பைகள் இருந்தும் மெனோபாஸ் சுமார் 3.7 ஆண்டுகள் முந்தி வந்தது. மாதவிலக்கு நின்றதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, மாதவிலக்குதான் ஏற்கெனவே இல்லையே. "ஓவரி இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பிவைக்காமல், என்ன அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம்.

எடுக்க வேண்டியவர்கள் உண்டு. பி.ஆர்.சி.ஏ.1 மரபணுப் பிழை உள்ளவர்களில் நூற்றுக்கு 40 பேருக்காவது சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. அவர்களுக்கு 35 முதல் 40க்குள், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 முதல் 45க்குள் எடுக்கச் சொல்கிறோம். லிஞ்ச் நோய்க்கூறு, மற்ற வைத்தியம் தோற்ற கடும் எண்டோமெட்ரியோசிஸ் என்று பட்டியல் கொஞ்சம் நீளும். அங்கெல்லாம் எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் எழுதாமல் விடுவதுதான் தவறு. ஹார்மோன் பற்றி மகளிர் நல முன்முயற்சி ஆய்வின் முடிவால் 2002இல் வந்த பயம் இன்னும் நம் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது. அன்றைய முடிவு சராசரி 63 வயதுப் பெண்களுக்குக் கொடுத்த கூட்டு மாத்திரையைப் பற்றியது. கருப்பை இல்லாதவருக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்; அதே ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்ற பிரிவின் 2004இல் வெளியான முடிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

கோவண்டி அடங்கிய எம் ஈஸ்ட் வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: காசநோய். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்காக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கோவண்டியில் கிளினிக் வைக்கும் அளவுக்கு அது இங்கே வேரூன்றியிருக்கிறது. வயிற்றில் நீர், சினைப்பைப் பக்கம் கட்டி, சி.ஏ.125 எகிறியிருக்கிறது, உடம்பு மெலிந்திருக்கிறது. புற்றுநோய் என்றே யாருக்கும் தோன்றும். பெரிட்டோனியக் காசநோய் இதே வேஷத்தில் வரும், அதுவும் இருபது முப்பது வயதுப் பெண்களிடம். நீரை எடுத்து ஏ.டி.ஏ., சி.பி.நாட் பார்த்து, வயிற்றைத் திறந்தே ஆகவேண்டுமென்றால் ஃப்ரோசன் செக்‌ஷன் முடிவு வரும்வரை கை நிற்க வேண்டும். மாத்திரையில் கரையக்கூடிய கட்டிக்காக இரண்டு சினைப்பைகளையும் இழந்த பெண்ணுக்கு அவற்றை யாரும் திருப்பித் தர முடியாது.

சட்டம் தன் பதிலை 2008இலேயே சொல்லிவிட்டது. சமீரா கோலி வழக்கை எம்.பி.பி.எஸ். மாணவர்கள்கூடப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். 1995 மே மாதம் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபி சோதனைக்குக் கையெழுத்துப் போட்டு மயக்க மருந்துக்குப் போனார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, கருப்பை, குழாய்கள், சினைப்பைகள் அனைத்தும் எடுக்கப்பட்டன. சுயபுத்தியுள்ள ஒரு பெண் சற்று நேரம் மயங்கியிருப்பதால் அவருடைய தாய் அவருக்குப் பதில் முடிவெடுக்க முடியாது, உயிருக்கு ஆபத்தில்லாதபோது அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய்தான். தொகையைப் பார்த்துத் தீர்ப்பை எடைபோட வேண்டாம். இன்றும் பல ஒப்புதல் படிவங்களில் 'தேவைப்பட்டால் மற்றவையும்' என்ற அச்சடித்த வரி இருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் அது நிற்காது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் கதை 2019இல் வெளியே வந்தபோது, நீலம் கோர்ஹே தலைமையிலான குழு 82,309 பேரில் 13,861 பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க 2022இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் அதை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சொல்லும் கண்காணிப்புக் குழுக்கள் அமையட்டும், நல்லது. அந்தக் குழுக்களின் படிவத்தில் சினைப்பைக்கும் ஒரு கட்டம் வேண்டும். கோவண்டி கழகத்தின் அடுத்த கேள்வித்தாளிலும் வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது டிஸ்சார்ஜ் சீட்டு. இடது சினைப்பை இருக்கிறதா, வலது இருக்கிறதா, எடுத்திருந்தால் ஏன், ஈஸ்ட்ரோஜன் எழுதப்பட்டதா, எந்த வயது வரை என்பதைச் சுருக்கெழுத்து இல்லாமல், அந்தப் பெண் படிக்கும் மொழியில் எழுதிக் கொடுக்கலாம். அறுவைக்கு முன்பே, பெண்ணிடமே, கணவரும் மாமியாரும் இல்லாத நேரத்தில் கேட்டு, படிவத்தில் தனி வரியாக அவர் கையெழுத்தையும் வாங்கலாம். அடுத்த இதழிலிருந்து இங்கே வரும் கருப்பை நீக்கக் கட்டுரைகளில் சினைப்பைகளின் நிலையும், எடுத்ததற்கான காரணமும், முடிவு எப்போது யாரோடு எடுக்கப்பட்டது என்பதும் இல்லையென்றால், அவற்றை மதிப்பீட்டுக்கு அனுப்பாமல் எழுதியவருக்கே திருப்பி அனுப்புவோம்.