கடைக்கு அனுப்பப்படும் சிறுவன்

போதை ஒழிப்பு என்றதும் மண்டூர் போன்ற படுவான்கரைக் கிராமங்களில் பாடசாலைக் கருத்தரங்கும் வீதி ஊர்வலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாதவை என நான் கூறவில்லை, போதாதவை என்கிறேன்.

காலையில் புகையின் தீமையைப் படித்த மாணவனை, மாலையில் சிகரெட் வாங்கிவரக் கடைக்கு அனுப்பும் பெற்றோர் எம்மிடையே உள்ளனர். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருட்களையும் மதுசாரத்தையும் விற்பதைத் தடைசெய்கிறது. ஆக, பெற்ற பிள்ளையைக் கொண்டே கடைக்காரரைச் சட்டம் மீறச் செய்கிறோம். பிள்ளை கற்பது எதை? கருத்தரங்கையா, கடைப் பயணத்தையா?

2022இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, 5 கிராம் 'ஐஸ்' வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். ஆனால் தண்டனை பற்றிய அச்சம் மட்டும் பதின்ம வயதினரைக் காக்காது. ஆபத்தை எடைபோடும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ச்சியடைகிறது. அதற்குமுன் பழகும் போதை எளிதில் அடிமையாக்கும். இந்தக் காரணத்தை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

"அளவோடு குடித்தால் கேடில்லை" என்பாரும் உளர். மதுவில் பாதுகாப்பான அளவு என எதுவுமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்துள்ளது.

பிள்ளைக்கு அறிவுரை கூறுமுன், அவனைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்துவோம். அதற்கு நிதியும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.